பயண நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் பயணி கட்டிய பணம் என்ன ஆகிறது?

2019 செப்டம்பர் 23, திங்கட்கிழமை அதிகாலையில் பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் கையை விரித்தது. 1841-ல் தொடங்கிய நிறுவனம் அது. மூடிய நேரத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 6 லட்சம் பேர் அதன் வழியாகப் பயணம் போயிருந்தார்கள். அவர்களில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் பிரிட்டனிலிருந்து கிளம்பியவர்கள். அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கிடைத்த இடத்திலெல்லாம் விமானங்களை வாடகைக்குப் பிடித்தது. 700-க்கும் மேற்பட்ட நடைகளில், இரண்டே வாரத்தில், அவர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தது. இன்னும் கிளம்பாதவர்களில், விமானமும் அறையும் சேர்த்துப் பேக்கேஜாகப் புக் செய்திருந்தவர்களுக்குக் கட்டிய பணம் முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து அதன் ஜெர்மனி கிளை நிறுவனமும் திவால் மனு கொடுத்தது. ஜெர்மனியிலும் சட்டம் இருந்தது, காப்பீடு இருந்தது. பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று அச்சிட்ட சான்றிதழும் பயணிகளிடம் இருந்தது. ஆனால் ஒரு காப்பீட்டு நிறுவனம் ஓர் ஆண்டில் 11 கோடி யூரோவுக்கு மேல் தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டமே உச்சவரம்பு வைத்திருந்தது. வந்து குவிந்த இழப்போ அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். கட்டிய 100 யூரோவுக்கு இப்போதைக்கு 17 யூரோ 50 சென்ட்தான் தேறும் என்று காப்பீட்டு நிறுவனம் டிசம்பரில் சொன்னது. மீதியைத் தானே தருவதாக அரசு முன்வந்த பிறகுதான் பயணிகளுக்கு மூச்சு வந்தது. அந்த மீதி போனது மக்களின் வரிப்பணத்திலிருந்து.

ஒரே பெயர், ஒரே வாரம், ஒரே மாதிரியான குடும்பங்கள். முடிவு மட்டும் வேறு வேறு. நிறுவனம் விழுந்த அன்று யார் ஓடி ஓடி வேலை செய்தார்கள் என்பதை வைத்து இந்த வித்தியாசம் வரவில்லை. பணம் யாருடைய பெயரில், எந்தக் கணக்கில், எவ்வளவு உத்தரவாதத்தோடு இருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு நாடுகளிலும் வேறு வேறு விதமாக முடிவாகியிருந்தது. பயணியின் பணம் தப்புமா தப்பாதா என்பது எப்போதும் இப்படி முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிற விஷயம். அதனால்தான் டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அட்வான்ஸ் என்ற கடன்

விடுமுறைக்கு நாலைந்து மாதம் முன்பே அட்வான்ஸ் கட்டுகிறோம். கிளம்ப சில வாரம் இருக்கும்போது மீதியையும் கட்டிவிடுகிறோம். அந்தப் பணம் ஹோட்டலுக்கு எப்போது போகிறது? பெரிய டூர் ஆபரேட்டர்கள் பலரும், விருந்தினர் தங்கிவிட்டுப் போன பிறகுதான் ஹோட்டலுக்குப் பணம் அனுப்புகிறார்கள். சில நேரம் இரண்டு மூன்று மாதம் கூட இழுக்கும். இடைப்பட்ட காலம் முழுக்க அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சும்மா இருப்பதில்லை. ஊழியர் சம்பளம், அலுவலக வாடகை, விளம்பரச் செலவு, போன சீசனின் ஹோட்டல் பாக்கி என்று அது கரைந்துகொண்டே இருக்கிறது. சுற்றுலாத் தொழில் பெருமளவு நடப்பதே இந்த வட்டியில்லாக் கடனில்தான். கொடுப்பவர் பயணி. தான் கடன் கொடுக்கிறோம் என்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

புக்கிங் பெருகும் வரை இதில் சிக்கல் தெரியாது. இந்த ஆண்டு வருபவர்களின் பணத்தில் போன ஆண்டின் பாக்கி தீரும். புக்கிங் கொஞ்சம் தொய்ந்தால் ஓட்டை வெளியே தெரிய ஆரம்பிக்கும். கோடைச் சுற்றுலாவை நம்பியிருக்கும் நிறுவனங்களுக்கு ஆபத்தான காலம் இலையுதிர் காலம். சீசன் முடிந்திருக்கும், ஹோட்டல்காரர்கள் பாக்கியைக் கேட்பார்கள், அடுத்த ஆண்டுக்கான அட்வான்ஸ் இன்னும் வந்திருக்காது. தாமஸ் குக் செப்டம்பர் கடைசியில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சீனாவின் ஃபோசுன் குழுமமும் வங்கிகளும் சேர்ந்து 90 கோடி பவுண்டில் ஒரு மீட்புத் திட்டம் வைத்திருந்தன. குளிர்காலத்தைத் தாண்ட இன்னும் 20 கோடி பவுண்ட் கையிருப்பு வேண்டும் என்று வங்கிகள் கேட்டன. அந்தப் பணம் புரளவில்லை. அத்தோடு முடிந்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. தள்ளாடும் நிறுவனம் கடைசி நிமிடம் வரை புக்கிங் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்தினால், அந்த நிமிடமே வதந்தி பரவி எல்லாம் முடிந்துவிடும். மீட்புப் பேச்சுவார்த்தை நடக்கும்போது கடையைச் சாத்தவும் முடியாது. ஆகவே முந்தின நாள் மாலை ஆசையோடு பணம் கட்டிய ஒருவர் மறுநாள் காலையில் திவாலான நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவராகக் கண்விழிக்கிறார். அவரை எச்சரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருப்பதில்லை.

அப்புறம் வரிசை. திவாலான நிறுவனத்தில் மிஞ்சியதைப் பங்கு பிரிப்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் ஒரு முறை உண்டு. சொத்தைப் பிணையாக எழுதி வாங்கிக் கடன் கொடுத்த வங்கிக்கு அந்தச் சொத்தின் மீது முதல் உரிமை. கலைப்புச் செலவு, ஊழியர்களின் சம்பள பாக்கி, சில நாடுகளில் வரி பாக்கி என்று அடுத்தடுத்து வரும். பிணையில்லாமல் கொடுத்தவர்கள் எல்லோரும் கடைசியில். சட்டம் தனியாக ஏற்பாடு செய்யாத இடங்களில் பயணி நிற்பது அந்தக் கடைசி வரிசையில்தான். வங்கி கடன் கொடுக்கும் முன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது, வட்டி பேசியது, பிணை வாங்கியது. பயணி பார்த்தது கடற்கரைப் படத்தை மட்டும். இருவருக்கும் ஒரே சட்டம், ஒரே வரிசை என்பது கேட்க நியாயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தொழிலுக்குள்ளே இருப்பவர்கள் தங்களை எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, தன் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்களிடம் நிதிநிலைக் கணக்கு கேட்கிறது. பல இடங்களில் வங்கி உத்தரவாதமும் வாங்குகிறது. டிக்கெட் விற்ற பணத்தை ஏஜென்ட் விமான நிறுவனத்துக்குக் கட்டாமல் போய்விடக் கூடாதே என்பதற்காக இந்த ஏற்பாடு. விமான நிறுவனமே விழுந்தால் பயணிக்கு இதே போன்ற உத்தரவாதம் அந்த ஏற்பாட்டில் கிடையாது. முன்பணத்துக்குப் பிணை வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விழுந்த பிறகு வந்த சட்டங்கள்

1974 ஆகஸ்ட் 15 அன்று கோர்ட் லைன் என்ற பிரிட்டிஷ் குழுமம் சரிந்தது. கிளார்க்சன்ஸ் உட்பட பெரிய சுற்றுலா நிறுவனங்களும் சொந்த விமான நிறுவனமும் அதனிடம் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே ஏட்டால் என்ற உரிம முறை நடைமுறைக்கு வந்திருந்தது. விமானப் பயணத்தோடு சுற்றுலா விற்பவர்கள் உரிமம் எடுக்க வேண்டும், கூடவே ஒரு பிணைத் தொகையும் காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. கோர்ட் லைன் விழுந்தபோது வெளியூரில் சிக்கியவர்களை அந்தப் பிணையை வைத்து மீட்க முடிந்தது. கிளம்பாமல் பணம் மட்டும் கட்டியிருந்த பெருங்கூட்டத்துக்கு அது போதவில்லை. மறு ஆண்டே நாடாளுமன்றம் ஒரு காப்பு நிதியத்தை உருவாக்கியது. அரசு கடன் கொடுத்து அதைத் தொடங்கி வைத்தது. டூர் ஆபரேட்டர்களின் விற்பனையில் ஒரு சிறு பங்கு வசூலித்து அந்தக் கடன் அடைக்கப்பட்டது. இன்று ஏட்டால் பேக்கேஜ் எடுக்கும் ஒவ்வொரு பயணிக்கும் இரண்டரை பவுண்ட் வீதம் நிறுவனம் நிதியத்துக்குக் கட்டுகிறது. தாமஸ் குக் பயணிகளுக்கு 2019-ல் பணம் வந்தது இந்த வழியில்தான்.

ஐரோப்பாவில் 1990-ல் பேக்கேஜ் பயணங்களுக்கென ஒரு பொது நெறிமுறை வந்தது. நிறுவனம் திவாலானால் பயணியின் பணத்தைத் திருப்பித் தரவும் அவரை வீடு கொண்டு சேர்க்கவும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 1992 டிசம்பர் 31-க்குள் எல்லா உறுப்பு நாடுகளும் தங்கள் சட்டத்தில் இதைச் சேர்த்திருக்க வேண்டும். ஜெர்மனி தாமதித்தது. 1993-ல் அங்கே இரண்டு பயண நிறுவனங்கள் திவாலாகிப் பணத்தை இழந்தவர்கள், உரிய நேரத்தில் சட்டம் போடாத அரசுதான் எங்கள் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று வழக்குப் போட்டார்கள். 1996 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கெடுவுக்குள் எதையுமே செய்யாமல் இருந்ததே போதுமான கடுமையான விதிமீறல் என்றது தீர்ப்பு.

ஆஸ்திரியாவில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே பெரிய அளவில் விற்கும் ஒரு நாளிதழ் தன் சந்தாதாரர்களுக்குப் பரிசாக ஐரோப்பிய நகரங்களுக்குப் பயணம் அறிவித்தது. சந்தாதாரருக்குக் கிட்டத்தட்ட இலவசம். கூட வருபவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஏற்பாடு செய்த பயண நிறுவனம் எதிர்பார்த்ததைவிட எத்தனையோ மடங்கு பேர் கேட்டு வந்தார்கள். சமாளிக்க முடியாமல் நிறுவனம் 1995 ஜூலையில் திவாலானது. சட்டப்படி அது வைத்திருந்த வங்கி உத்தரவாதம், பயணிகள் கட்டியதில் கால்வாசியைத்தான் ஈடுகட்டியது. இலவசப் பயணத்துக்குப் பாதுகாப்பு பொருந்தாது, இப்படியொரு அசாதாரண நெருக்கடியை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்றெல்லாம் வாதங்கள் வந்தன. 1999 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு எதையும் ஏற்கவில்லை. நிறுவனம் எந்தக் காரணத்தால் விழுந்தாலும் சரி, பயணியின் பணம் திரும்ப வர வேண்டும். அந்த முடிவை உறுதிசெய்யாத சட்டம் போதுமான சட்டம் ஆகாது என்றது.

இன்னொரு வழக்கு கிரீஸின் கிரீட் தீவைச் சேர்ந்தது. ஆஸ்திரியத் தம்பதி ஒருவர் விடுமுறைக்கான முழுப் பணத்தையும் ஊரிலேயே கட்டிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போதே டூர் ஆபரேட்டர் திவால். விஷயம் ஹோட்டல்காரர் காதுக்கு எட்டிவிட்டது. கிளம்பும் நாளன்று, தங்கியதற்கு முழுக் கட்டணமும் கட்டினால்தான் வெளியே விடுவேன் என்று அவர்களைத் தடுத்து நிறுத்தினார். வேறு வழியில்லாமல் இரண்டாவது முறை பணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். ஊர் திரும்பிக் கேட்டபோது காப்பீட்டு நிறுவனம் மறுத்தது: நீங்கள் தங்கினீர்கள், திரும்பியும் வந்துவிட்டீர்கள், இதில் நாங்கள் ஈடுகட்ட என்ன இருக்கிறது என்றது. 1998 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், இதுவும் பாதுகாப்புக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பயண நிறுவனத்தின் திவாலால் வரும் நஷ்டம் இரண்டு வகையில் வரலாம் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. போகாத பயணத்துக்குக் கட்டியது ஒன்று. ஏற்கெனவே கட்டியதற்கே மறுபடி கட்ட நேர்வது இன்னொன்று.

எவ்வளவு கனமான பாதுகாப்பு

பாதுகாக்கும் வழிகள் எண்ணிப் பார்த்தால் சிலதான். வங்கி உத்தரவாதம் அல்லது வைப்புத்தொகை, காப்பீடு, எல்லா நிறுவனங்களும் பங்கு போடும் பொது நிதியம், பயணியின் பணத்தைத் தனியே பூட்டிவைக்கும் எஸ்க்ரோ கணக்கு. எல்லாமே காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெரிய நிறுவனம், உச்ச சீசனில், எல்லோரிடமும் பணம் வாங்கிய பிறகு விழுந்தால் இது தாங்குமா?

ஜப்பானில் தாங்கவில்லை. 2017 மார்ச் கடைசியில் டெல்மீ கிளப் என்ற இணையவழிப் பயண நிறுவனம் மூடியது. பாதிக்கப்பட்டவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல்; அவர்கள் கட்டியிருந்த பணம் சுமார் 990 கோடி யென். அங்கேயும் முறையான ஏற்பாடு இருந்தது. நிறுவனங்கள் பயண முகவர் சங்கத்தில் வைப்புத்தொகை கட்டியிருக்க வேண்டும். விழுந்தால் சங்கம் அதைப்போல சில மடங்கு வரை பயணிகளுக்குக் கொடுக்கும். டெல்மீ கிளப்புக்கு அந்த உச்சவரம்பு 12 கோடி யென். கணக்குப் போட்டால் 100 யென் கட்டியவருக்குக் கிட்டத்தட்ட 1.2 யென் வருகிறது. இதில் கொடுமை, மூடுவதற்குச் சற்று முன்வரை, மொத்தமாக ரொக்கம் கட்டினால் சலுகை என்று அந்த நிறுவனம் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அதன் தலைவருக்குப் பின்னர் சிறைத் தண்டனை கிடைத்தது, வங்கிகளை ஏமாற்றிய குற்றத்துக்காக.

பாடம் கற்றுக்கொண்ட நாடாக ஜெர்மனியைச் சொல்லலாம். தாமஸ் குக் அடிக்குப் பிறகு, 2021-ல் அங்கே பெரிய நிறுவனங்கள் எல்லாம் சேர வேண்டிய ஒரு பொது நிதியம் அமைந்தது. 2024 ஜூன் 3 அன்று எஃப்டிஐ குழுமம் திவால் மனு கொடுத்தபோது அதற்கு முதல் பெரிய சோதனை. ஐரோப்பாவின் மூன்றாவது பெரிய டூர் ஆபரேட்டர் என்று பேசப்பட்ட நிறுவனம் அது. பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு நிதியம் பணம் கொடுத்தது. ஆனால் அதே எஃப்டிஐயிடம் ஹோட்டல் அறை மட்டும், அல்லது வாடகைக் கார் மட்டும் எடுத்தவர்கள் நிதியத்துக்கு வெளியே நின்றார்கள். ஒரே நிறுவனம், ஒரே இணையதளம். ஒருவர் அறையோடு விமானமும் சேர்த்து எடுத்தார், இன்னொருவர் அறை மட்டும் எடுத்தார். ஒருவருக்கு முழுப் பணம். இன்னொருவருக்கு ஒன்றுமில்லை, கலைப்பில் மிஞ்சினால் பார்க்கலாம்.

எஸ்க்ரோ முறை எனக்கு மிகவும் பிடித்தது. பயணம் முடியும் வரை, அல்லது குறைந்தது விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் நேரடியாகக் கட்டும் வரை, பணம் நிறுவனத்தின் கைக்கே போகாது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் சார்ட்டர் விமானப் பயணங்களுக்கு இப்படிப்பட்ட தனிக் கணக்கு விதி உண்டு. இதைத் தொழில்துறை எதிர்க்கிறது. அந்தப் பணம் இல்லாமல் நடைமுறை மூலதனத்துக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும், விலை ஏறும், சிறு நிறுவனங்கள் தாங்காது என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைத் திருப்பிப் பார்த்தால், இன்றைய மலிவு விலையில் ஒரு பகுதி பயணி தெரியாமல் சுமக்கும் ஆபத்துதான் என்று அவர்களே ஒப்புக்கொள்வதாகிறது.

ஹாங்காங்கில் பயண ஈட்டு நிதியம் இழந்த தொகையில் 90 சதவீதம் வரை கொடுக்கிறது. ஆஸ்திரேலியா எதிர்த் திசையில் போனது: 2014-ல் தன் பயண ஈட்டு நிதியத்தை மூடிவிட்டு, பயணிகள் பொதுவான நுகர்வோர் சட்டத்தையும் கார்டையும் காப்பீட்டையும் நம்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

விமான டிக்கெட் மட்டும் எடுத்தவர்கள்

எல்லா ஏற்பாடுகளிலும் பெரிய ஓட்டை இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் தாமதமானால், ரத்தானால் பயணிக்கு என்ன உரிமை என்று விரிவான சட்டம் இருக்கிறது. ஆனால் விமான நிறுவனமே திவாலானால் அந்த உரிமையை யாரிடம் போய்க் கேட்பது? டிக்கெட் பணத்துக்குத் தனிப் பாதுகாப்பு வைக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களைப் பொதுவாக யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 2019 மார்ச்சில் ஐஸ்லாந்தின் வாவ் ஏர் நின்றபோதும், 2023 மே மாதம் இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் தானாகவே திவால் மனு கொடுத்துப் பறப்பதை நிறுத்தியபோதும், டிக்கெட் மட்டும் எடுத்தவர்கள் கடன் கொடுத்தவர்களின் கூட்டத்தில் ஒருவராக நிற்க நேர்ந்தது. கோ ஃபர்ஸ்ட்டைக் கலைக்க உத்தரவு வந்தது 2025 ஜனவரியில். அதுவரை மீட்பு, விற்பனை, ஏலம் என்று ஏதாவது ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டே இருந்தது.

பிரிட்டனில் 2017 அக்டோபர் 2 அன்று மோனார்க் விழுந்தபோது சுமார் 1,10,000 பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏட்டால் பாதுகாப்பு இல்லாதவர்கள். ஆனாலும் அரசு எல்லோரையும் அழைத்து வந்தது, பொதுப் பணத்தில். பிறகு அரசே அமைத்த ஆய்வுக் குழு 2019-ல் ஒரு யோசனை சொன்னது: ஒரு பயணிக்கு 50 பென்சுக்கும் குறைவாக வசூலித்தாலே, விமான நிறுவனம் விழுந்தால் எல்லோரையும் ஊர் சேர்க்கும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளலாம் என்று. அந்த யோசனை இன்னும் சட்டமாகவில்லை. இவ்வளவு சிறிய தொகையில் முடியக்கூடிய ஒன்று கிடப்பில் கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஏஜென்ட் விழுந்தால் நிலைமை சற்று நல்லது. டிக்கெட் ஏற்கெனவே விமான நிறுவனத்தின் பெயரில் வெளியாகி, எண்ணோடு கைக்கு வந்துவிட்டதென்றால் பெரும்பாலும் அது செல்லும். புக்கிங் எண் மட்டும் வந்து டிக்கெட் எண் வராமல் இருந்தால், பணம் ஏஜென்ட்டைத் தாண்டிப் போகாமல் இருந்திருக்கலாம். விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே புக்கிங்கைத் திறந்து டிக்கெட் எண் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பணம் கட்டிய அன்றே பார்த்துவிடுவது நல்லது.

கார்டு என்னும் கடைசித் தடுப்பு

சட்டம் கைவிட்ட இடத்தில் பலரைக் காப்பாற்றியது கிரெடிட் கார்டு. பிரிட்டனில் 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-வது பிரிவு இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையிலான பொருள் அல்லது சேவையைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரோடு சேர்ந்து கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. அட்வான்ஸ் மட்டும் கார்டில் கட்டி மீதியை வேறு வழியில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் இது பொருந்தும். மற்ற நாடுகளில் சார்ஜ்பேக் என்ற கார்டு நிறுவனங்களின் விதி இருக்கிறது. வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பச் சொல்லலாம். பயணம் நடந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து பெரும்பாலும் 120 நாள் கெடு இருக்கும்.

கார்டு வழியாக வரும் பணத்தைக் கையாளும் வங்கிகளுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். ஒரு விமான நிறுவனம் தள்ளாடுவது தெரிந்தால், பயணம் முடியும் வரை டிக்கெட் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள். 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ், கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்கு உடனடிக் காரணமே, அதன் கார்டு பணத்தைக் கையாண்ட ஃபர்ஸ்ட் டேட்டா நிறுவனம் பெரும்பகுதியைப் பிடித்து வைக்கப் போவதாகச் சொன்னதுதான். பயணியைக் காக்கும் தடுப்பே நிறுவனத்தைக் கீழே தள்ளவும் செய்யலாம். ஃபிரான்டியர் நீதிமன்றப் பாதுகாப்பில் தொடர்ந்து பறந்து மீண்டது.

2020-ல் கொரோனா வந்தபோது இதே பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. எல்லாப் பயணங்களும் ஒரே நேரத்தில் ரத்து. ரீஃபண்ட் கொடுத்தால் நிறுவனங்கள் காலி. அதனால் பணத்துக்குப் பதில் வவுச்சர் நீட்டினார்கள். வவுச்சர் என்பது பழைய கடனைப் புதுத் தேதி போட்டு எழுதிக் கொடுப்பதுதான். நிறுவனம் இடையில் விழுந்தால் அதற்கு மதிப்பில்லை. ஐரோப்பிய ஆணையம் அந்த ஆண்டு மே மாதம், வவுச்சர்களுக்கும் திவால் பாதுகாப்பு வேண்டும், வாங்குவதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றைக்கும் ரத்தான பயணத்துக்கு வவுச்சர் நீட்டினால், திவால் ஆனாலும் இது செல்லுமா, உத்தரவாதம் யார் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் பணமாகவே கேளுங்கள்.

புக் செய்யும்போது பார்க்க வேண்டியது

முதலில், ஒப்பந்தம் யாரோடு என்று பாருங்கள். பலகையில் உள்ள பெயர் வேறு, ரசீதில் உள்ள நிறுவனம் வேறாக இருக்கும். 2019-ல் பிரிட்டனின் தாமஸ் குக் விழுந்தபோது இந்தியாவில் அதே பெயரில் இருந்த நிறுவனம் வழக்கம்போல நடந்தது; 2012-லேயே அது கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் குழுமத்துக்குக் கைமாறியிருந்தது. பெயர் ஒன்று என்பதால் ஆபத்தும் ஒன்றல்ல, பாதுகாப்பும் ஒன்றல்ல.

பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள நாடு என்றால் பணம் கட்டும் போதே அதைக் கையில் வாங்குங்கள். அதில் உத்தரவாதம் தருபவரின் பெயர் இருக்கும். அவரிடமோ உரிமம் கொடுத்த அமைப்பின் இணையதளத்திலோ அது உண்மைதானா என்று சரிபார்க்கலாம். முத்திரை படத்தை யார் வேண்டுமானாலும் தளத்தில் ஒட்டிக்கொள்ளலாம். தனித்தனியாக விமானம், அறை, கார் என்று எடுத்தால் மலிவாக இருக்கலாம், ஆனால் பேக்கேஜுக்கு உள்ள பாதுகாப்பு போய்விடும். அந்த வித்தியாசத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

முழுத் தொகையையும் இப்போதே, அதுவும் வங்கிப் பரிமாற்றமாகவோ ரொக்கமாகவோ கட்டினால் பெரிய தள்ளுபடி என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எல்லாத் தள்ளுபடியும் ஆபத்தின் அறிகுறி அல்ல. ஆனால் அவசரமாக ரொக்கம் தேவைப்படும் நிறுவனம் செய்யும் முதல் வேலை இதுதான். பயணக் காப்பீட்டை நம்புபவர்கள், நிறுவனம் திவாலாவது அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் அடங்காது. அடங்கினாலும், நெருக்கடிச் செய்தி வெளியான பிறகு வாங்கிய பாலிசி உதவாது.

பயணத்தின் நடுவே நிறுவனம் விழுந்துவிட்டால் பதறி உடனே சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பாதுகாப்பு அமைப்பு திரும்பும் விமானத்தை ஏற்பாடு செய்யும் என்றால், அதற்குச் சொல்லாமல் செய்த செலவு திரும்பாமல் போகலாம். ஹோட்டல் மறுபடி பணம் கேட்டால் முதலில் அந்த அமைப்பைக் கூப்பிடுங்கள். பல நேரம் அவர்களே ஹோட்டலுக்கு உத்தரவாதம் கொடுத்துவிடுவார்கள். கட்டித்தான் தீர வேண்டும் என்று வந்துவிட்டால், எதற்காக, எத்தனை இரவுக்கு என்று எழுதிய ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒப்பந்தம், ரசீது, கார்டு கணக்கு விவரம், ரத்து அறிவிப்பு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். பாதுகாப்பு நிதியம், கார்டு வங்கி, திவாலான நிறுவனத்தில் மிஞ்சியதைப் பங்கு பிரிக்கும் கலைப்பாளர் மூவருக்கும் தனித்தனிக் கெடு உண்டு. வேறு எங்கும் வழியில்லை என்றாலும் கலைப்பாளரிடம் கோரிக்கையைப் பதிவு செய்துவிடுவது நல்லது. கொஞ்சம் தேறினாலும் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கும். இன்னொன்று: பெரிய நிறுவனம் விழுந்த சில மணி நேரத்திலேயே, உங்கள் ரீஃபண்டை வாங்கித் தருகிறோம் என்று கார்டு எண் கேட்டு அழைப்புகளும் போலித் தளங்களும் முளைக்கும். தாமஸ் குக் விழுந்தபோதும் அதிகாரிகள் இதை எச்சரிக்க வேண்டி வந்தது. நிதியமோ கலைப்பாளரோ உங்களைத் தேடி போன் செய்து கார்டின் ரகசிய எண்ணைக் கேட்கமாட்டார்கள். அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.